திருத்தாத புதன்கிழமை

அச்சகத்தில் பிழை திருத்துகிறவர் அவர். அன்று மேசைக்கு வந்த நாவலில் ஒரு கணவன், மனைவி வாயைத் திறந்தாலே குறுக்கே புகுந்து திருத்துவான். பத்தாம் அத்தியாயத்தில் அவள் பேசுவதையே விட்டுவிடுகிறாள். வீடு நிம்மதியாக இருக்கிறதென்று அவன் நண்பர்களிடம் பெருமையடிக்கிறான்.

அவருக்குச் சுருக்கென்றது. அதே பெருமையைப் போன வாரம்தான் அவரும் அடித்திருந்தார். அதற்குமேல் இருப்புக்கொள்ளவில்லை. இரண்டு முறை எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தார். ஒரே வரியை நாலு தடவை படித்தார். கடைசியில் அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனார்.

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி பதறிப்போனாள். "உடம்புக்கு என்னங்க?"

"ஒண்ணுமில்ல. நீ ஏதாவது பேசேன்."

"என்னத்தப் பேச?" என்று யோசித்தாள். "தங்கச்சி போன் பண்ணா. செவ்வாய்க்கிழமை வந்தாளே, அப்ப குடையை இங்கயே மறந்துட்டாளாம்."

தங்கை வந்தது புதன்கிழமை. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டார். அவளும் வழக்கம்போல் பேச்சை நிறுத்தி, அவர் திருத்துவதற்காகக் காத்திருந்தாள்.

"அப்புறம்?" என்றார்.

அவள் அவரை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு துணியை ஓரமாகத் தள்ளிவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். "நெசமாவே கேக்குறீங்களா? அப்ப முதல்லேர்ந்து சொல்றேன்."