உள்பக்கத் தையல்

"கதவைச் சாத்துடா, ஆளுங்க பாக்கிறாங்க" என்று உள்ளேயிருந்து அக்கா குரல் கொடுத்தாள். அவர் முக்கால்வாசி சாத்திவிட்டு வெளியே நின்றார். கூடம் வரை நடந்தார். திரும்பி வந்து மறுபடி அதே இடத்தில் நின்றார். இருபத்தாறு வருஷம் பஸ் ஓட்டி, உட்கார்ந்தே சம்பாதித்த மனுஷர். இன்று காலையிலிருந்து ஆளாளுக்கு நாற்காலி எடுத்துப் போட்டும் ஒன்றிலும் நிலையாக உட்காரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் தோளைப் பிடித்து அழுத்தியே பார்த்துவிட்டார். அவர் போனதும் இவர் எழுந்துவிட்டார்.

உள்ளே கட்டிலில் கிடந்தது அவர் மனைவி. தெருவில் எல்லோருக்கும் அவள் டீச்சர்தான். முன்னறையில் மூன்று மிஷின், ஒரு நீள மேஜை, ஆளுயரக் கண்ணாடி ஒன்று. இவ்வளவுதான் அவளுடைய பள்ளிக்கூடம். பதினாறு பதினேழு வயசுப் பெண்பிள்ளைகளுக்கு மூன்று மாதத்தில் ஒரு கவுன் தைக்கச் சொல்லிக் கொடுப்பாள். தைத்ததை ஒழுங்காக உடுத்தவும் சொல்லிக் கொடுப்பாள். அவளும் எப்போதும் கவுன்தான் போடுவாள். தைத்து முடித்தவளைக் கண்ணாடி முன்னால் நிற்க வைத்து, "கையைத் தூக்கு, உட்காரு, குனி" என்பாள். எங்கேயாவது இழுத்தாலோ தொங்கினாலோ, அழுதாலும் விடமாட்டாள், பிரித்துத் தைக்க வேண்டியதுதான். முந்தாநாள் மத்தியானம் அந்த மேஜையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தவள், நேற்று ஆஸ்பத்திரியிலேயே கண்ணை மூடிவிட்டாள். மகன் வருகிற ரயில் மூன்றரைக்கு. நாலு மணிக்கு எடுப்பதாக ஏற்பாடு.

அக்கா கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினாள்.

"தம்பி, இந்தப் பச்சைக் கவுன் சரிப்படலடா. தொளதொளன்னு கெடக்கு. மடிச்சு முதுகுக்குக் கீழ சொருகிடறேன். மேல போர்வை போட்டாச்சுன்னா யாருக்குத் தெரியப்போகுது?"

"சொருகாதே."

"பின்ன?"

"அவ அப்படி ஒரு பொண்ணையாவது இந்த வாசலைத் தாண்ட விட்டிருக்காளா? அவளையே அப்படி அனுப்பணுமா?"

அக்காவுக்கும் கோபம் வந்தது. காலையிலிருந்து அவளும் நின்றுகொண்டேதான் இருந்தாள். "அப்ப அலமாரியில வேற ஏதாவது இருந்தா எடுத்துட்டு வா. என்னையே பாத்துட்டு நிக்காதே" என்று சொல்லிவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

அந்தப் பச்சைக் கவுனை எடுத்துக் கொடுத்ததே அவர்தான். இந்த வருஷத்துப் பிள்ளைகள் டீச்சருக்காகத் தைத்தது. சனிக்கிழமை வகுப்பு முடிகிற நாளில் போட்டுக்கொள்வதாக இருந்தாள். ஒவ்வொரு வருஷமும் அதுதான் வழக்கம். முதல் கவுனை டீச்சரின் அளவுக்குத்தான் வெட்ட வேண்டும். "தன் உடம்பைத் தானே அளந்தா எல்லாரும் வயித்தை எக்கிக்குவாங்க. என்னை அளந்து பழகுங்க, நான் எக்க மாட்டேன்" என்று அவள் சொல்வதும், பிள்ளைகள் சிரிப்பதும் அவர் டூட்டி முடிந்து வந்து சட்டையைக் கழற்றும்போது காதில் விழும்.

அலமாரி பக்கத்து அறையில் இருந்தது. சாம்பல் நிறத்தில் ஒரு கவுன், நாலைந்து வருஷம் பழசு. மகனை ரயிலேற்றிவிடப் போனபோது போட்டிருந்தாள். அவருக்குப் பிடித்தது என்று அவளுக்குத் தெரியும். அதை எடுத்துக்கொண்டு வந்து கதவிடுக்கில் நீட்டினார்.  பிறகு அக்கா, "ஆங், இது கச்சிதம்டா. மேல வச்சுப் பாத்தேன், அளவெடுத்தாப்ல இருக்கு" என்றாள்.

அவர் நிம்மதியாகக் கூடம் வரை நடந்தார். பாதி வழியில் நின்றார். புதுக்கவுன் தொளதொளவென்று இருக்கும்போது ஐந்து வருஷத்துப் பழசு எப்படிக் கச்சிதமாக இருக்கும்?

"அக்கா, அதை இங்க குடு."

"என்னடா உனக்கு? இப்பத்தானே குடுத்தே?"

"குடுன்னா குடு."

வாங்கி, சன்னல் பக்கம் கொண்டுபோய், உள்பக்கத்தை வெளியே திருப்பினார். இருபது வருஷம் தையல் மிஷின் சத்தத்தில் வாழ்ந்தவருக்குக் கொஞ்சம் தெரியும். பக்கத் தையல் ஒரு வரிசைதான் இருக்க வேண்டும். இதில் நாலு வரிசை இருந்தது. பழைய தையலுக்கு அரை இஞ்ச் உள்ளே தள்ளி ஒன்று, அதற்கும் உள்ளே ஒன்று, அதற்கும் உள்ளே இன்னொன்று. கடைசி வரிசையின் நூல் புதுசு. பிடித்துப் பிடித்துத் தைத்திருக்கிறாள். மிச்சத் துணியை எங்கேயும் வெட்டவில்லை. திரும்பச் சதை பிடித்தால் பிரித்துவிட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தாளோ என்னவோ, அத்தனையும் மடித்து இஸ்திரி போட்டு உள்ளேயே வைத்திருந்தாள்.

அலமாரிக்குப் போனார். நீலத்தை இழுத்துத் திருப்பினார். மூன்று வரிசை. பூப்போட்டதில் நாலு. வீட்டில் போடுகிற பழைய நைட்டியைக்கூட விட்டுவைக்கவில்லை. துணிகளெல்லாம் தரையில் விழுந்தன. அவர் ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் போட்டார்.

"இவ்வளவு மெலிஞ்சிருக்காங்களே, நீங்க கவனிக்கலையா?" என்று நேற்று டாக்டர் கேட்டார். குற்றமாகக் கேட்கவில்லை, எழுதிக்கொள்வதற்காகக் கேட்டார். அந்தக் கேள்விதான் நேற்றிலிருந்து அவரை எங்கேயும் உட்கார விடவில்லை. கண்ணாடியில் பார்த்தே பின்னால் வருகிற லாரிக்கும் தன் பஸ்ஸுக்கும் எத்தனை சாண் இடைவெளி என்று சொல்லக்கூடியவர். பக்கத்தில் படுத்திருந்தவள் கரைந்தது தெரியவில்லை. ஒருத்தி மெலிந்தால் முதலில் துணிதானே தொங்கும்? அதைப் பார்த்துத்தானே உலகம் கேட்கும்? இவள் துணியைத் தொங்கவே விடவில்லை. உடம்பு ஒரு சுற்று இளைத்தால் துணியையும் ஒரு சுற்று பிடித்துவிட்டு, தலையைச் சீவிக்கொண்டு, எப்போதும் போல் வந்து நின்றிருக்கிறாள். ஏமாற்றிவிட்டாள். செத்தவள் மேல் கோபப்படலாமா என்று தெரியவில்லை, ஆனால் அவருக்குக் கோபம் வந்தது. 

அக்காவிடம் போய்ப் பச்சைக் கவுனைக் கழற்றித் தரச் சொன்னார்.

"சாம்பல் கலர்தான் சரியா இருக்கே!"

"அது வேண்டாம். அதுல அனுப்ப மாட்டேன்."

"மணி ரெண்டாகப்போகுதுடா, பைத்தியமா உனக்கு?"

"கழட்டிக் குடு அக்கா."

அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அக்கா உள்ளே திரும்பினாள். உள்ளே துணைக்கு இருந்த பக்கத்து வீட்டு அம்மாவும் அவளும் சேர்ந்து கழற்றிக் கொடுத்தார்கள்.

முன்னறையில் பிள்ளைகள் ஆறு பேரும் மேஜையைச் சுற்றி நின்றிருந்தார்கள். மிஷின்களுக்கு உறை போட்டிருந்தது. டீச்சர் பார்த்திருந்தால் குறை சொல்ல முடியாதபடி எல்லோரும் சுத்தமாக உடுத்தி, பட்டன் சரியாகப் போட்டு வந்திருந்தார்கள். அவர் கவுனை மேஜை மேல் போட்டார்.

"இதை வெட்டுனது யாரு?"

 ஐந்து தலை ஒரு பக்கமாகத் திரும்பியது. அங்கே நின்ற பெண்ணை வகுப்பில் எல்லோரும் 'சந்தேகம்' என்றுதான் கூப்பிடுவார்கள். எதையும் இரண்டு தடவை அளப்பாள், மூன்று தடவை கேட்பாள். சாப்பாட்டு மேஜையில் டீச்சர் அவளைப் பற்றிச் சொல்லி அவரும் சிரித்திருக்கிறார்.

"நான்தான் அங்கிள்" என்றாள். "பெருசா இருக்கா?"

"இருக்கு."

"எவ்வளவு?"

"நிறைய."

அவ்வளவுதான், அந்தப் பெண் முகத்தைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். "நான் டேப்பே சரியா புடிக்கறதில்லைன்னு டீச்சர் சொல்லுவாங்க. கடைசியில அவங்க கவுனையே கெடுத்துட்டேன்."

"அழுகையை நிறுத்து. எப்படி அளந்தே, என்ன நடந்துச்சு, அதைச் சொல்லு."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள். வகுப்பு ஆரம்பித்த மூன்றாவது வாரம், டீச்சரின் இடுப்பை அளந்து முப்பத்திரண்டு என்றிருக்கிறாள். டீச்சர் டேப்பைப் பிடுங்கி, "முப்பத்தாறு. அஞ்சு வருஷமா முப்பத்தாறு. தப்பா புடிச்சிருக்கே, மறுபடி அள" என்றிருக்கிறாள். மறுபடி அளந்தாலும் முப்பத்திரண்டு. எல்லோரும் சிரித்தார்களாம். டீச்சரும் சிரித்துக்கொண்டே, "உனக்கு உன் கண்ணு மேலயே சந்தேகம்டி" என்றாளாம். அன்றைக்குத்தான் அந்தப் பெயர் வந்தது.

"அதுக்கப்புறம்தான் எல்லாத்தையும் ரெண்டு தடவை அளக்க ஆரம்பிச்சேன் அங்கிள். முப்பத்திரண்டை அடிச்சிட்டு முப்பத்தாறுன்னு எழுதித்தான் வெட்டுனேன். போட்டுப் பாருங்க டீச்சர்னு போன வாரம்கூடக் கேட்டேன். கடைசி நாள்ல பாக்கலாம்னுட்டாங்க."

அவர் மேஜையைச் சுற்றி ஒரு நடை நடந்தார். வாயைத் திறக்காமல் இருந்துவிடலாம். டீச்சர் சொன்னது டீச்சர் சொன்னதாகவே இருக்கட்டும், போனவளைப் பற்றி எதற்கு? ஆனால் இந்தப் பெண் நாளைக்கு எந்தத் துணியை வெட்டினாலும் கத்திரிக்கோலைப் பிடித்துக்கொண்டு நடுங்குவாள். ஆறு பேரும் அவரையே பார்த்தார்கள்.

"நீ சரியாத்தான் அளந்திருக்கே" என்றார்.

அவள் புரியாமல் பார்த்தாள்.

"முப்பத்திரண்டுதான். உன் கை தப்பு பண்ணல. உங்க டீச்சர் பொய் சொன்னாங்க."

 அந்தப் பெண்ணுக்கு மெல்ல மெல்லத்தான் புரிந்தது. "அப்ப டீச்சருக்கு அன்னிக்கே தெரியுமா?" என்றாள்.

"தெரிஞ்சிருக்கு."

"நான் உங்ககிட்ட வந்து சொல்லியிருந்தா..."

"என்கிட்டயா? சொல்லியிருந்தா நான் நேரா அவகிட்டதான் போய்க் கேட்டிருப்பேன். அந்தப் பொண்ணுக்கு அளக்கத் தெரியாதுன்னு சொல்லியிருப்பா. நானும் சரின்னு சாப்பிட உக்காந்திருப்பேன்." அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "இப்ப வா. வந்து அளந்து, புடிச்சுக் குடு."

"நானா?"

"வேற யாரு?"

அவள் உள்ளே வரவே பயந்தாள். வாசலில் ஒரு தரம் நின்றுவிட்டாள். கட்டிலுக்குப் பக்கத்தில் போனதும் பழக்கம் கை கொடுத்தது. டேப்பைப் போர்வைக்கு அடியில் விட்டு, அக்காவின் உதவியோடு சுற்றிக் கொண்டுவந்து, விரல் ஒன்றை உள்ளே விட்டுப் பார்த்து, குனிந்து படித்தாள்.

"இருபத்தொன்பது" என்றாள். உடனே நிமிர்ந்து எல்லோரையும் பார்த்தாள், யாராவது இல்லை என்று சொல்வார்கள் என்பதுபோல. யாரும் சொல்லவில்லை. மறுபடி அளக்க அவள் கை போனது. பாதியில் நிறுத்தி டேப்பைச் சுருட்டிவிட்டாள்.

முன்னறையில் ஒரு மிஷினின் உறையை எடுத்தார்கள். இரண்டு பேர் பழைய தையலைப் பிரித்தார்கள், ஒருத்தி சோப்புக் கட்டியால் கோடு போட்டாள், ஒருத்தி குண்டூசி குத்தினாள். துக்கம் கேட்க வந்தவர்கள் மிஷின் ஓடுகிற சத்தத்தைக் கேட்டு முகத்தைச் சுளித்தார்கள். ஒரு பெரியவர் வெளிப்படையாகவே, "இந்த நேரத்துலயா?" என்றார். "ஆமா, இந்த நேரத்துலதான்" என்று அவரிடம் சொல்லிவிட்டு இவர் பிள்ளைகளுக்குத் தண்ணீர் கொண்டுபோனார். தம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். மணியைப் பார்த்தார், ஒரு நிமிஷம் கழித்து மறுபடி பார்த்தார். மூன்று ஆனது.

சந்தேகம் மிஷினை நிறுத்தினாள். கத்திரிக்கோல் கையில் இருந்தது.

"அங்கிள், உள்ள நிறையத் துணி நிக்குது. வெட்டிடவா?"

அக்கா கதவிலிருந்து, "வெட்டிடும்மா, இனிமே யாரு பிரிக்கப்போறா" என்றாள். சொன்னது நியாயம்தான்.

"அவங்க என்ன சொல்லிக் குடுத்தாங்க?" என்று அவர் அந்தப் பெண்ணைக் கேட்டார்.

"உடம்பு மாறும், துணியை விட்டு வைன்னு."

"அப்ப விட்டு வை."

அவள் கத்திரிக்கோலை மேஜை மேல் வைத்துவிட்டு, மிச்சத் துணியை இரண்டு பக்கமும் மடித்து இஸ்திரி போட்டாள்.

மூன்றேகாலுக்குக் கவுனை எடுத்துக்கொண்டு அவளும் அக்காவும் உள்ளே போனார்கள். பக்கத்து வீட்டு அம்மா அதற்குள் வாசலுக்குப் போயிருந்தாள். தலைவழியாக மாட்டியாகிவிட்டது, கையும் நுழைந்துவிட்டது. இடுப்புக்குக் கீழே இழுத்துவிட ஆள் போதவில்லை. "கச்சிதமா இருக்கறதால சிக்குது. யாராவது பொம்பளைங்களைக் கூப்பிடு" என்று அக்கா சொன்னாள்.

"நான் தூக்கறேன்" என்று அவர் உள்ளே வந்தார்.

ஒரு கையை முதுகுக்குக் கீழேயும் இன்னொரு கையை முழங்காலுக்குக் கீழேயும் விட்டார். கல்யாணமான புதுசில் விளையாட்டுக்கு ஒரு தடவை தூக்கியிருக்கிறார். வாடகை வீட்டில் மழைத்தண்ணீர் முழங்கால் வரை வந்தபோது ஒரு தடவை. இரண்டு தடவையும் அவள் திட்டினாள். அந்தப் பழைய கனத்துக்கு மூச்சை இழுத்துப் பிடித்து, கால்களை அகல ஊன்றி, ஒரு தம் கட்டித் தூக்கினார்.

தூக்கிய வேகத்தில் அவள் அவர் மார்புக்கு மேலே வந்துவிட்டாள். அவர் பின்னால் ஓரடி தடுமாறி, சுவரில் முதுகு இடித்து நின்றார்.

"மெதுவாடா!" என்று அக்கா பதறினாள்.

அந்தப் பெண் குனிந்து, கவுனின் விளிம்பைப் பிடித்து, சுருக்கமில்லாமல் கீழே இழுத்துவிட்டாள். இழுத்தது போதும் என்று கையை எடுத்தாள். அவர் இறக்கவில்லை. அக்கா தலையணையைச் சரிசெய்தாள்.