செய்யாத பலி

முழங்காலுக்குக் கீழே இருப்பது தன் கால்தானா என்றே ரொகாத்தாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. விடிந்ததிலிருந்து, அழுக்குப் போக்கச் சேர்த்துவைத்த மூத்திரத் தொட்டியில் நின்று கம்பளித் துணி மிதிக்கிறாள். குதிகால் வெடிப்புகள் மட்டும் ஒவ்வொன்றும் தனித்தனியாக எரிந்தன.

பட்டறைக்காரன் செர்தியுஸ் தொட்டியோரம் வந்து நின்றான். கார்த்தேஜில் வெளுப்புத் தொழிலில் பெரிய கை. ஒரு காலத்தில் அவளை விலைக்கு வாங்கிய எஜமான். விடுதலை கொடுத்த அன்று, வருஷத்துக்கு இத்தனை நாள் கூலியில்லாமல் மிதிப்பேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டுதான் விட்டான்.

அவன் கையில் ஒரு தாள். எல்லாரும் பலியிட வேண்டும் என்ற ரோமப் பேரரசரின் ஆணைப்படி ரொகாத்தா தேவர்களுக்குப் பலியிட்டு, பலிக்கறியும் தின்றாள் என்று அதில் எழுதியிருந்தது. அவள் எந்தத் தேவர் கோயில் பக்கமும் போனவளில்லை. அதிகாரிக்குக் காசு தள்ளி அவனே வாங்கி வந்திருக்கிறான். கிறிஸ்துவைக் கும்பிடுகிறவள் இங்கே இருப்பது தெரிந்தால் பட்டறையைப் பூட்டிவிடுவார்கள் என்ற பயம். கையெழுத்தாக அடியில் ஒரு கீறல் போடு, இந்த வருஷத்துக்கு மிச்சமிருக்கும் நாட்களையெல்லாம் தள்ளுபடி செய்துவிடுகிறேன் என்றான்.

பக்கத்துத் தொட்டியில் பாரிக். அவளோடு ஒரே வீட்டில் அப்பம் பிட்டு ஜெபிக்கிறவன். காலையிலேயே தன் தாளில் கீறிவிட்டான்.

"போட்டுத் தொலையேன்க்கா. நாம என்ன ஆட்டையா அறுத்தோம்? வெறும் மைதானே."

"வெறும் மைன்னா, காலையிலேருந்து ஒன் மூஞ்சி ஏன்டா செத்துக் கெடக்கு?"

பாரிக் குனிந்து தன் தொட்டித் துணியைப் புரட்டிப்போட்டான்.

ரொகாத்தா தாளை வாங்கினாள். செர்தியுஸ் எழுதுகோலை நீட்டுவதற்குள் தாளைத் தொட்டிக்குள் போட்டுக் குதிகாலால் அழுத்தினாள். கரி மை கரைந்து மேலே வந்தது.

நன்றி கெட்டவள் என்று அவன் பல்லைக் கடித்தான். நாளைக்கே அதிகாரியிடம் உன் பெயரைக் கொடுத்துச் சுரங்கத்துக்கு அனுப்பவைக்கிறேன், இப்போதே வெளியே போ என்றான்.

"பேரைக் குடுங்க. நானே வந்து ஆமான்னு சொல்றேன். ஆனா இப்பப் போக மாட்டேன். போனா, சத்தியத்தை மீறி ஓடிட்டாள்னு ஊர் பூரா சொல்லுவீங்க. ஒங்களுக்கு நான் சத்தியம் பண்ணிக் குடுத்தது இந்தக் காலோட உழைப்பை மட்டுந்தான்."

மறுபடி மிதிக்கத் தொடங்கினாள். செர்தியுஸுக்கு அவள் தரவேண்டிய உழைப்பு, இன்றையும் சேர்த்து முப்பது நாள் பாக்கி.