வேண்டாத புது ஃப்ரிட்ஜ்

1

ஒரு பத்திரிகை ஆசிரியர் கட்டுரை கேட்டார்; இந்தக் கதை பிறந்தது அப்படித்தான். வீட்டில் இருக்கும் பழைய சாதனங்களை எப்போது மாற்றுவது, எப்போது விற்பது, எப்போது யாருக்காவது கொடுத்துவிடுவது என்று எளிமையாக எழுதித் தரச் சொன்னார். 'பழுது பார்க்கும் செலவு புதியதன் விலையில் பாதியைத் தாண்டினால்' என்று தொடங்கினேன். (அந்த வாக்கியம் இன்னும் அப்படியேதான் நிற்கிறது.) அந்த நேரம் பார்த்து அடுக்களையில் அண்ணி யாரையோ திட்டும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். வாங்கிச் சில நாளே ஆன ஃப்ரிட்ஜைத் திட்டிக்கொண்டிருந்தார். கட்டுரை அன்றோடு சரி.

2

முதல் தொடக்கம்: 'பழைய ஃப்ரிட்ஜ் ஒரு தாயைப் போல'. எழுதிய கையோடு அடித்துவிட்டேன், எனக்கே கூச்சமாக இருந்தது.

இரண்டாவது தொடக்கம்: நாங்கள் மாடியில் இருக்கிறோம், கீழ்வீட்டில் ஒரு தையல்காரம்மா தனியாகக் குடியிருக்கிறார். இது தேவலை. இப்படியே போகலாம்.

அவர் சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்பவர். மருந்து குளிரில் இருக்க வேண்டும். அவரிடம் ஃப்ரிட்ஜ் இல்லாததால், எங்கள் ஃப்ரிட்ஜில் முட்டை வைக்கும் தட்டில் அது இருக்கும். காலையும் மாலையும் படியேறி வருவார். ஒருமுறை நாங்கள் குடும்பத்தோடு ஒரு கல்யாணத்துக்குப் போய், மழையில் சிக்கி, அன்று திரும்ப முடியாமல் போயிற்று. கதவு பூட்டியிருந்தது. ஊசி தவறி, அவரை ஆஸ்பத்திரியில் சேர்க்கும்படி ஆகிவிட்டது. தேறி வந்தவர் எங்களிடம் முதலில் கேட்டது, கல்யாணம் நல்லபடியாக நடந்ததா என்றுதான். அண்ணி எங்கள் வீட்டுச் சாவி ஒன்றை அவரிடம் நீட்டினார். ஆளில்லாத வீட்டுக்குள் நுழைவது தனக்குப் பழக்கமில்லை என்று தையல்காரம்மா மறுத்துவிட்டார். அந்த வாரமே அண்ணி, புது ஃப்ரிட்ஜ் வாங்க வேண்டும் என்று அண்ணனைப் பிடித்துக்கொண்டார்.

(அண்ணியைக் கொஞ்சம் கோபக்காரராகக் காட்டினால் பாத்திரம் நம்பும்படி இருக்குமோ? கோபக்காரர்தான். கோபம் வந்தால் பேசாமல் உட்கார்ந்து பாத்திரம் தேய்ப்பார். எங்கள் வீட்டுப் பாத்திரங்கள் எப்போதும் பளபளப்பாக இருக்கும்.)

3

அண்ணன் கடை கடையாக ஏறி இறங்கி ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். பழையதை எடுத்துக்கொண்டு விலையைக் குறைப்பதாகக் கடைக்காரர் சொன்னதற்கு, அண்ணி முடியாது என்றுவிட்டார். பழையதைக் கீழ்வீட்டுக்குக் கொடுப்பதுதான் அவர் திட்டம். தையல்காரம்மாவும் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு.

"உங்களுக்கு வேண்டாததுன்னா குடுங்கக்கா, வாங்கிக்கிறேன். எனக்குன்னு புதுசா எதையும் வாங்கிடாதீங்க."

இந்த இடத்தில் கட்டுரையாளன் தலையை நீட்டுகிறான். பழையதைக் கொடுக்கும்போது அதன் தொல்லையையும் சேர்த்தே கொடுக்கிறோம். சும்மா வந்த பொருள் என்பதால் வாங்கியவர் வாய் திறந்து குறை சொல்லவும் முடியாது. (அண்ணியிடம் இதை வாசித்துக் காட்டினேன். இதை எழுதிவேற காட்டணுமா என்பதுபோலப் பார்த்தார்.)

அண்ணி செய்தது இதுதான்: கொடுப்பதற்கு முன் பழையதைச் சோதித்தார். கரண்ட் போய் வருவதுபோல மெயின் சுவிட்சை அணைத்து அணைத்துப் போட்டார். சில தடவை கரண்ட் வந்தும் ஃப்ரிட்ஜ் ஓடவில்லை. பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டிய பிறகே உறுமியது. எங்கள் யாருக்கும் இந்த வியாதி தெரியாது. அடுக்களையில் போகும்போதும் வரும்போதும் அண்ணி தன்னையறியாமல் அதைத் தட்டி ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

"இது என் கையிலதான் ஓடும் தம்பி. அவங்க தையல் மெஷினை ஓட்ட ஆரம்பிச்சா, இது நின்னுபோனதுகூடக் காதுல விழாது. மருந்து கெட்டுப்போயிடும்."

ஆக, பழையதைக் கொடுக்க முடியாது. வீட்டுக்கு வந்து இறங்கிவிட்ட புதியதைக் கொடுத்தால் தையல்காரம்மா வாங்கமாட்டார். கதை இங்கே முட்டிக்கொண்டு நின்றது. அன்று பாத்திரங்கள் ரொம்பவே பளபளத்தன.

4

மறுநாள் அண்ணி ஆரம்பித்தார். தையல்காரம்மா படியேறும் சத்தம் கேட்டதும் புது ஃப்ரிட்ஜுக்கு அர்ச்சனை தொடங்கிவிடும். சத்தமே இல்லை, ஓடுகிறதா என்றே தெரியவில்லை. கதவு எதிர்ப்பக்கம் திறக்கிறது. பெரிய பாத்திரம் நுழையமாட்டேன் என்கிறது. சாமான்களையெல்லாம் பழையதற்கே மாற்றிவிட்டார். அண்ணன் முகம் தொங்கிப்போனது.

ஒருநாள் தையல்காரம்மா கீழே இறங்கியதும், அண்ணி திட்டிய வாயோடு அந்தப் புது ஃப்ரிட்ஜை ஈரத்துணியால் பொறுமையாகத் துடைத்ததைப் பார்த்தேன். என்ன நடக்கிறது என்று கேட்டேன்.

"எனக்கு வேண்டாததுன்னா வாங்கிக்கிறேன்னாங்கல்ல? அதான், வேண்டாததா ஆக்கிட்டிருக்கேன்."

நானும் கதையென்று பொய் சொல்லித்தான் பிழைக்கிறேன். இவ்வளவு நல்ல பொய் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. அண்ணி மேல் எனக்குப் பொங்கி வந்த பெருமையை எப்படி எழுதுவதென்று தெரியாமல், இந்தப் பத்தியை நாலைந்து விதமாக எழுதிக் கிழித்தேன். பெருமை என்றே எழுதிவிடுகிறேன்.

5

முடிவுகள், கையிருப்பில் உள்ளவை:

அ. தையல்காரம்மா அப்படியே நம்பி வாங்கிக்கொள்கிறார். (அவரைப் பார்த்தால் ஏமாறுகிறவராகத் தெரியவில்லை.)

ஆ. கண்டுபிடித்து, மறுத்து, பழையபடி படியேறுகிறார். (இதை எழுதினால் பிறகு இன்னொரு பூட்டிய கதவையும் எழுத வேண்டிவரும். என்னால் ஆகாது.)

இ. மனம் நொந்த அண்ணன் புதியதைக் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடு— (இது நடக்கவே பார்த்தது. கடைக்குப் போன் போட்டுவிட்டார். அண்ணி போனைப் பிடுங்கி, ராங் நம்பர் என்று சொல்லி வைத்தார்.)

6

இன்று காலை அண்ணி வாய்விட்டே கேட்டுவிட்டார். இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது, தயவுசெய்து கொண்டுபோய்விடுங்கள் என்றார்.

தையல்காரம்மா புது ஃப்ரிட்ஜைத் திறந்தார். உள்ளே ஒன்றுமில்லை. துளி கறைகூட இல்லை. நின்று பார்த்தார். அண்ணியையும் ஒருமுறை பார்த்தார். நான் வாசல்பக்கம் நின்றேன்.

"இதோட வெளிச்சம் கண்ணைக் கூசுதுக்கா. உங்களுக்கு இது சரிப்படாதுதான்."

"அதைத்தான் நானும் சொல்லிட்டிருக்கேன்."

இருவரும் சேர்ந்து கொஞ்ச நேரம் அந்த ஃப்ரிட்ஜைத் திட்டினார்கள். திட்டி முடிக்கும்வரை தையல்காரம்மா கைப்பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

நம்பினாரா, நம்பியதுபோலக் காட்டிக்கொண்டாரா? எனக்குத் தெரியவில்லை, அண்ணியிடம் கேட்கவும் தைரியமில்லை. நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். எப்படிச் செய்தாலும் உங்களோடு இருக்கட்டும். பாவம், தன் தேர்வுதான் தப்பு என்று அண்ணன் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார். அவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் பிடித்து அதைக் கீழே இறக்க வேண்டும். கூப்பிடுகிறார், போகிறேன்.