ஏறினால்தான் போன்

காலையில் பல் தேய்த்ததும், காப்பிக்கு முன்னால், எடை மெஷின் மேல் ஏறி நிற்க வேண்டும். அது காட்டும் எண்ணைப் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்ப வேண்டும். என் மகள் பத்மப்ரியா போட்ட சட்டம் இது. மெஷினும் அவள் வாங்கியதுதான். கொண்டுவந்து தரவில்லை, பார்சலில் வந்தது. அவள் இருக்கும் கழக்கூட்டம் என்ன காசிக்கு அந்தப் பக்கமா இருக்கிறது? கிழக்கேகோட்டையில் பஸ் மாறினால் நான் இருக்கும் கரமனை. ஆனால் அவளுக்கு ஆபீஸ். எனக்கோ முழங்கால், பஸ் படி ஏற முடியாது. பத்து கிலோ குறைந்தால் வலி கேட்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

எடை குறைந்தால் அவளிடமிருந்து ஒரு கட்டைவிரல் படம் வரும். அவ்வளவுதான். ஏறினால் போன் வரும். திட்டத்தான் கூப்பிடுவாள், திட்டட்டுமே! அவள் அப்பா போன பிறகு இந்த வீட்டில் என்னோடு பேசுவது குக்கர் ஒன்றுதான். அதுவும் மூன்று விசிலோடு நிறுத்திக்கொள்ளும்.

போன ஏகாதசிக்கு மறுநாள் எனக்கு வந்த ஆத்திரத்தில் மெஷினைத் தூக்கி ஆற்றில் எறிந்திருப்பேன். அதுவரை நடக்க முடியாததால் அது தப்பித்தது. பின்னே என்ன? முதல் நாள் பூரா ஒரு பருக்கை அரிசி தொடவில்லை. ஒரு கிலோ ஏறியிருக்கிறது!

போன் வந்தது. "என்னம்மா இது? நேத்திக்கு என்ன சாப்பிட்டே?"

"ஏகாதசிடி. ஒண்ணுமே சாப்பிடலை."

"ஒண்ணுமேன்னா?"

"ரவா உப்புமா. நாலு அப்பளம். தொட்டுக்க வடுமாங்கா."

"இதுக்குப் பேரு விரதமா?" என்று சிரித்தாள். அவள் சிரித்துக் கேட்டு எத்தனை நாளாயிற்று! "அத்தனையும் உப்பு, கேட்டயா? உப்பு உடம்புல ஜலத்தைப் பிடிச்சு வெச்சுக்கும். ஏறினது கொழுப்பில்லைம்மா, வெறும் ஜலம். ரெண்டு நாள்ல போயிடும்."

"ஜலம் ஏறி இறங்கறதைப் பாக்கவா என்னைத் தினம் நிக்க வெச்சே?"

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"அதுவும் ஷெரிதான். தினம் வேண்டாம். ஞாயித்துக்கிழமை மட்டும் பாரு, அது மதி, போறும்."

நல்ல மனதோடுதான் சொன்னாள். ஆனால் அந்த வாரம் எனக்கு நகரவே இல்லை. காலையில் எழுந்தால் அனுப்ப ஒன்றுமில்லை. கட்டைவிரல்கூடக் கிடையாது. அது இல்லாமல் போன பிறகுதான் அதற்கும் நான் காத்திருந்தது தெரிந்தது. செவ்வாய்க்கிழமை பால்காரனிடம் எடை குறைந்திருப்பதாகச் சொன்னேன். அவன் பாவம், நல்லதுதான் என்று மலையாளத்தில் "கொள்ளாம் அம்மா" சொல்லிவிட்டுப் பைக்கை எடுத்தான்.

சனிக்கிழமை ராத்திரி ஜாடியைத் திறந்தேன். வடுமாங்காய் நாலு, அதற்குமேல் இரண்டு. உப்பு தூக்கலாக மோர் ஒரு சொம்பு. நாக்கு காந்தியது. விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மெஷின் ஒரு கிலோ ஏற்றிக் காட்டியது. அனுப்பிவிட்டுக் கையிலேயே போனை வைத்திருந்தேன். வந்துவிட்டது!

"என்னம்மா, திரும்பவும் ஏறிடுத்தே!"

"ஏறிடுத்துடி. நீ காப்பி சாப்பிட்டியோ?"

"அதை விடு. வாரக்கணக்கும் சரிப்படாது போலருக்கு. மாசத்துக்கு ஒருதடவை பாத்தா மதிம்மா."

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "மாசமா? வடுமாங்கா தின்னேன்டி! வேணும்னே தின்னேன்! உப்பு மோர் வேற குடிச்சேன்!"

"பைத்தியமா உனக்கு? எதுக்கு?"

"ஏறினாத்தானே நீ கூப்பிடறே!"

 

"அம்மா" என்றாள். "நாளைக்குக் காத்தால நானே கூப்பிடறேன். நீ மெஷின்ல ஏறவே வேண்டாம்."

போனை வைத்துவிட்டு அழுதேன். சந்தோஷத்தில்தான். அன்று பகல் உப்பில்லாத கஞ்சி குடித்தேன், அதுவும் ருசியாக இருந்தது.

திங்கட்கிழமை காப்பியை எடுத்துக்கொண்டு போன் பக்கத்தில் உட்கார்ந்தேன். சத்தத்தைக் கூட்டி வைத்தேன். காப்பி ஆறியது. சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்தேன், இருந்தது. இந்நேரம் ஆபீஸுக்குக் கிளம்பியிருப்பாள், போய்ச் சேர்ந்ததும் கூப்பிடுவாள். குக்கர் மூன்று விசில் அடித்து ஓய்ந்தது. போய்ச் சேர்ந்திருப்பாள். வேலை தலைக்கு மேல் இருக்கும்.

பதினொரு மணிக்கு மேல் பொறுக்க முடியவில்லை. மெஷினில் ஏறினேன். அவள் சொன்னது சரிதான், ஜலம் இறங்க ஆரம்பித்திருந்தது. முக்கால் கிலோ குறைவு. போட்டோ எடுத்து அனுப்பினேன்.

உடனே வந்தது, கட்டைவிரல்.