குளிருக்கு வைத்த காவல்

பெட்டி திருடுபோய் இரண்டு மணி நேரமும் பத்து நிமிடமும் ஆகியிருந்தன. அடைக்கல வீடுகளை நடத்தும் பெரியக்காவின் காரின் பின்கண்ணாடியை உடைத்துப் பெட்டியை எடுத்திருந்தார்கள். பக்கத்தில் கிடந்த மடிக்கணினியை யாரும் தொடவில்லை. வந்தவர்கள் பெட்டியைத் தேடியே வந்திருக்கிறார்கள்.

உள்ளங்கை அளவுப் பெட்டி. அதற்குள் பதினெட்டுப் பெண்களின் முகவரிகள். அடி உதைக்குப் பயந்து கணவனை விட்டு ஓடிவந்து, குழந்தைகளோடு ஒளிந்திருப்பவர்கள். யாராவது திறக்க முயன்றால் பெட்டி தன் நினைவைத் தானே அழித்துக்கொள்ள வேண்டும். பெட்டி செய்யும் நிறுவனத்தில் பொறியாளரான அவள், அப்படித்தான் அதை வடிவமைத்திருந்தாள். மூடியின் உள்பக்கம் முடியளவு மெல்லிய கம்பிகளை வலைபோல ஓடவிட்டிருந்தாள். ஒன்று அறுந்தாலும் நினைவகத்துக்கு மின்சாரம் நின்றுவிடும். எல்லாம் போய்விடும்.

சோதனைக்கூடத்தில் அவளும் திருடனும்தான் இருந்தார்கள். திருடன் என்பது பட்டப்பெயர். பெட்டிகளை உடைத்துப் பார்ப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்.

“ஏம்மா முகம் இப்படிச் செத்துக் கிடக்கு? துளை போட்டேன், ஆசிட் ஊத்தினேன், ஒன்பது நாள் மல்லுக்கட்டினேன். உன் பெட்டி வாயே திறக்கல. கோபத்துல இருக்கும்போது என் வீட்டுக்காரிகூட அவ்வளவு அழுத்தம் இல்ல.”

அவள் கைபேசியை எடுத்துப் பார்த்தாள். அவரே தொடர்ந்தார்.

“குளிர் ஸ்ப்ரே ஒண்ணுதான் வழி. நல்லா உறைய வச்சிட்டா, மின்சாரம் போனாலும் நினைவு கொஞ்ச நிமிஷம் தங்கும். அதுக்குள்ள உருவிடலாம். ஆனா அதுக்கும்தான் நீ சென்சார் வச்சிருக்கியே, குளிர் பட்டதுமே எல்லாத்தையும் அழிச்சிடுது. மூணு டப்பா காலி பண்ணியும் ஒண்ணும் கிடைக்கல.”

“நீங்க பார்த்தது முதல் பெட்டி அண்ணா.”

“முதல் என்ன, கடைசி என்ன. எல்லாம் ஒரே வடிவம்தானே?”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

போன குளிர்காலத்தில் பெரியக்கா இரண்டு முறை சண்டைக்கு வந்தார். இரவெல்லாம் கடுங்குளிரில் காருக்குள் கிடந்த பெட்டி, விடிந்ததும் அத்தனையையும் மறந்திருந்தது. ஒவ்வொரு வீடாக அலைந்து முகவரிகளை மறுபடி ஏற்ற வேண்டியிருந்தது. “பாப்பா, இது பெட்டியா, இல்ல பரீட்சைக்குப் போற பிள்ளையா? ராத்திரி படிச்சதெல்லாம் காலையில மறந்துடுது,” என்றார். அவள் பெட்டியை வாங்கி, இரண்டு நாள் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தாள். பிறகு புகார் வரவில்லை. மேலாளர் பாராட்டி எழுதினார். அந்தக் கடிதத்தை அவள் முழுதாகப் படிக்கவில்லை.

கைபேசி அடித்தது. பெரியக்கா. தனியாகக் கேட்கத் தைரியமில்லாமல் ஸ்பீக்கரில் போட்டாள்.

“பாப்பா, ஒரே கேள்வி. இங்கே மழை ஊத்துது. ஒருத்திக்குக் குழந்தை பிறந்து நாலு நாள்தான் ஆகுது. இன்னொருத்தி பையனுக்குக் காய்ச்சல். இத்தனை பேரையும் கிளப்பிக்கிட்டு எங்கே போறது? மாத்து இடமும் பாதிப் பேருக்குத்தான் இருக்கு. பெட்டி அழிஞ்சிருக்கும்னு நீ சொன்னா இருந்த இடத்திலேயே இருக்கோம். உன் வார்த்தைதான்.”

திருடன் முந்திக்கொண்டார். “நிம்மதியா இருங்கம்மா. நானே உடைச்சுப் பார்த்தவன். எந்தக் கொம்பன் வந்தாலும் அதுல ஒண்ணும் எடுக்க முடியாது.”

மறுமுனையில் பெருமூச்சு கேட்டது. “அப்போ கட்டின மூட்டையை அவிழ்க்கச் சொல்லிடவா பாப்பா?”

பின்னால் ஏதோ ஒரு குழந்தை செருப்பைக் காணோம் என்று அழுதுகொண்டிருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாரும் எதையும் கேட்கப் போவதில்லை. வாய் அதற்குத்தான் திறந்தது.

“அவிழ்க்க வேண்டாம் அக்கா. உடனே கிளம்புங்க.”

திருடன் அவளைப் பார்த்தார்.

“ஏன் பாப்பா?” என்றார் பெரியக்கா.

“உங்க பெட்டியில குளிர் சென்சார் வேலை செய்யாது, உறைய வச்சா முகவரியெல்லாம் எடுத்துடலாம். போன குளிர்காலத்துல நான்தான் அதை அணைச்சு வச்சேன். யார்கிட்டயும் சொல்லல.”