சிவப்புத் துணி

அடுத்தவன் செய்த வேலையைப் பார்த்தால் என் வாய் சும்மா இருக்காது. தேவர்சோலையில் என் பட்டறைக்கு வரும் பழைய ஜீப்புகளைப் பிரிக்கப் பிரிக்க உள்ளே இருந்து என்னென்னவோ வரும். பெட்ரோல் டேங்க் ஓட்டையில் துணி சோப்பு. ரேடியேட்டர் குழாயில் சைக்கிள் டியூப். ஃபேன் பெல்ட் இருக்க வேண்டிய இடத்தில் நைலான் கயிறு. ஒரு வண்டியில் கேஸ்கெட்டையே காலண்டர் அட்டையில் வெட்டிப் போட்டிருந்தான் ஒரு மகராசன். முருகனின் வேலில் பாதி அதில் தெரிந்தது. "இவன் கையில ஸ்பேனரக் குடுத்தவன் யாருங்க?" என்று கத்துவேன். மழையில், காட்டுப் பாதையில் நின்றுபோன வண்டியை ஊர் சேர்க்க அவன் என்ன பாடுபட்டிருப்பான் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

போன மாதம் கோயமுத்தூரிலிருந்து அஸ்வந்த் என்ற பையன் ஒரு ஜீப்பை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தான். கம்ப்யூட்டர் வேலை, கையில் எந்நேரமும் செல்போன். ஓவேலிப் பக்கம் ஒரு எஸ்டேட் கை மாறியபோது டெண்டரில் எடுத்தானாம். பழையபடி ஓட வைக்க வேண்டும், பிரிக்கும்போது படம் எடுக்க வேண்டும் என்றான்.

லாரியிலிருந்து இறக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, அது எந்த ஜீப் என்று. இடது பக்கம் நசுங்கிய அந்த மட்கார்டை மறக்க முடியாது. பதினாறு வருடங்களுக்கு முன், சரஸ்வதி பூஜைக்கு மறுநாள் காலை, கொழுந்து பறிக்கும் பெண்கள் ஒன்பது பேரோடு, பிரேக் பிடிக்காமல் சரிவில் உருண்ட வண்டி. ஆண்டாயி என்ற பெண் அதே இடத்தில் செத்துப்போனாள். வண்டியை ஓட்டியவர் அவளுடைய புருஷன் வீரையா. அன்றைக்கு ஷெட்டில் தள்ளிய ஜீப், அதற்குப் பிறகு ஒரு அடி ஓடவில்லை.

அஸ்வந்திடம் அதைச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அந்த வண்டியைப் பார்த்துப் பயமும் இல்லை. என் பக்கம் சுத்தம் என்றே இருந்தேன்.

பின் சக்கரத்தின் பிரேக் பைப்பைப் பார்த்ததும் அஸ்வந்த் சிரித்தான். பைப்பை மடக்கி, சுத்தியலால் தட்டி, செம்புக் கம்பி சுற்றியிருந்தது. "இதுக்குத் திட்டலையா அண்ணா?"

"இது நான் பண்ணுனதுதான் தம்பி," என்றேன். கம்பியின் நுனியை உள்ளே மடித்துச் செருகியிருப்பதைக் காட்டினேன். முன்பு ஒரு டிரைவரின் விரலைக் கம்பி நுனி கிழித்துவிட்டது. அதிலிருந்து நான் அப்படித்தான் செருகுவேன். இந்தப் பக்கத்தில் வேறு யாரும் அப்படிச் செய்வதில்லை.

புது பைப் கையில் இல்லாதபோது, ஒழுகும் சக்கரத்தை மட்டும் இப்படி அடைத்துவிட்டால் மற்ற மூன்று சக்கரங்களின் பிரேக்கில் வண்டி மெதுவாக வீடு போய்ச் சேரும். ஆளையோ பாரத்தையோ ஏற்றக் கூடாது. எஸ்டேட் வண்டியை இன்று ஒருவர் ஓட்டுவார், நாளை வேறொருவர் ஓட்டுவார். நான் சொன்னது அடுத்தவர் காதுக்குப் போகும் என்று நம்ப முடியாது. அதனால் ஸ்டியரிங்கில் ஒரு சிவப்புத் துணி கட்டி அனுப்புவேன். துணி இருந்தால் வேலை பாக்கி, ஆள் ஏற்றாதே என்று அர்த்தம். கூடலூர் வரைக்கும் எல்லா டிரைவர்களுக்கும் இது தெரியும்.

விசாரணையிலும் இதைத்தான் சொன்னேன். பூஜை அன்று ஜீப்பைக் கொண்டுவந்தவர் கந்தன் என்ற டிரைவர். அவர் எஸ்டேட்டில் சாவியைக் கொடுத்துவிட்டு லீவில் ஊருக்குப் போனவர், விசாரணைக்குக்கூட வரவில்லை. பூஜைக்கு மறுநாள் வண்டியை எடுத்தவர் வீரையா. "ஸ்டியரிங்ல ஒண்ணும் கட்டலீங்கையா," என்று கைகூப்பிச் சொன்னார். எனக்கு வந்ததே கோபம்! "துணி கட்டாம ஒரு வண்டியும் என் பட்டறைய உட்டுப் போனதில்லீங்க," என்றேன். உருண்டதில் துணி அவிழ்ந்து பள்ளத்தில் விழுந்திருக்கும் என்று முடிவானது. வீரையா ஒரு வருடம் உள்ளே இருந்தார். லைசென்ஸ் போயிற்று. வெளியே வந்தபின் ஒரு நாள் டீக்கடையில் எதிரே வந்தவரை, "பொண்டாட்டியக் கொன்னுபோட்டு இன்னும் பொய் வேற சொல்றயா?" என்று எட்டுப் பேர் நடுவில் கேட்டேன். அவர் டீயை வைத்துவிட்டு எழுந்து போனார்.

இந்த வகை ஜீப்பில் பெட்ரோல் டேங்க் டிரைவர் இருக்கைக்கு அடியில் இருக்கும். இருக்கையைத் தூக்கித்தான் பெட்ரோல் ஊற்ற வேண்டும். மறுநாள் அஸ்வந்த் அதைத் தூக்கிவிட்டுச் சத்தம் போட்டான்.

"அண்ணா, இங்க வாங்க! மூடியே இல்ல, துணிய வெச்சு அடைச்சிருக்காங்க. இதுக்கு யாரத் திட்டப் போறீங்க?"

எட்டிப் பார்த்தேன். டேங்க் வாயில் துணியை உருட்டி அடைத்து, மேலே செம்புக் கம்பி சுற்றியிருந்தது. நுனி உள்ளே மடித்துச் செருகியிருந்தது.

கம்பியைப் பிரித்துத் துணியை விரித்தேன். பெட்ரோலில் ஊறி வெளுத்திருந்தது. ஆனால் உள் மடிப்பில் நல்ல சிவப்பு. பார்த்த உடனே அந்தச் சாயங்காலம் முழுக்க வந்துவிட்டது. பட்டறையில் பூஜைக்கு விளக்கு ஏற்றியாயிற்று. இருந்த சிவப்புத் துணியை எல்லாம் ஜாக்கிக்கும் வைஸுக்கும் கட்டியாயிற்று. கடைசியாக ஒரு முழம் மட்டும் இந்த ஜீப்பின் ஸ்டியரிங்குக்காக என் சட்டைப் பையில் இருந்தது. கந்தன் வண்டியைத் திருப்பும்போது மூடி இல்லாத டேங்கிலிருந்து பெட்ரோல் சிந்தியது. கையில் கிடைத்தது அதுதான். அடைத்தேன், கம்பி சுற்றினேன். "நில்லு கந்தா, ஸ்டியரிங்குக்கு வேற துணி கிழிச்சுட்டு வர்றேன்," என்று உள்ளே போனேன். உள்ளே தீபாராதனை நடந்துகொண்டிருந்தது. கையில் தட்டைக் கொடுத்துவிட்டார்கள். திரும்பி வந்தபோது வண்டி போய்விட்டது.

எப்போதும் கட்டுகிறவன் அன்றைக்கும் கட்டியிருப்பேன் என்று என் மனசே எழுதிக்கொண்டது. அதை நான் நிஜம் என்று நம்பிச் சத்தியம் செய்தேன். வீரையா அந்தத் துணியின் மேலேயே உட்கார்ந்து வண்டி ஓட்டியிருக்கிறார்.

அஸ்வந்த் போனை எப்போது கீழே இறக்கினான் என்று தெரியவில்லை. "என்னாச்சுங்கண்ணா?" என்றான். சொன்னேன். முதல்முறையாக அவனிடம் அந்த வண்டியின் கதையைச் சொன்னேன். "தம்பி, நான் திட்ட வேண்டிய ஆளு கெடைச்சுட்டானுங்க," என்றேன். அழுகை வந்துவிட்டது.

மறுநாள் துணியை ஒரு கவரில் போட்டுக்கொண்டு ஓவேலி பஸ் ஏறினேன். வீரையா இன்னும் எஸ்டேட்டின் அதே லயத்தில், அந்த வரிசை வீடுகளில் கடைசி வீட்டில்தான் இருந்தார். முள்ளும் புதரும் வெட்டும் தினக்கூலி வேலை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அந்த மரியாதை என்னை அறைந்தது.

துணியை எடுத்துக் கொடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். "நான் கட்டலீங்க. நீங்க சொன்னதுதான் நெசம்," என்றேன்.

அவர் துணியை முகர்ந்து பார்த்தார். "இது ஸ்டியரிங்ல இல்லையா?"

"இல்லீங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கையா. கட்டவே இல்லையா?"

"கட்டவே இல்லீங்க."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஆரம்பத்துல எனக்கு நல்லாத் தெரியும், துணி இல்லன்னு. எல்லாரும் இருந்துச்சு இருந்துச்சுன்னு சொல்லவும் எனக்கே சந்தேகம் வந்திருச்சு. அப்புறம் தூக்கத்துல துணி தெரிய ஆரம்பிச்சுச்சுங்கையா. செவப்பா, காத்துல ஆடும். நான் பாத்தும் பாக்காம வண்டிய எடுக்கிற மாதிரி."

நான் அவர் காலைத் தொடக் குனிந்தேன். அவர் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். கையில் பலம் இருந்தது. அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருக்கலாம். "எனக்கு ஒண்ணும் செய்ய வேணாம்," என்றார். "எம்மக கிட்ட வந்து இதைச் சொல்லுங்க."

மகள் ராஜகுமாரிக்கு அம்மா சாகும்போது பதினான்கு வயது. சித்தி வீட்டில் வளர்ந்தாள். இப்போது கோத்தகிரியில் ஒரு சின்ன டீ ஃபேக்டரியில் வேலை. அப்பாவோடு பேச்சு கிடையாது. நாங்கள் இரண்டு பஸ் மாறிப் போனோம். வழி முழுக்க அவர் கவரை மடியில் வைத்திருந்தார். ஊட்டியில் நான் வாங்கிக் கொடுத்த டீயைக் குடிக்கவில்லை. ஏன் என்று கேட்கும் உரிமையும் எனக்கு இல்லை.

வீட்டு வாசலுக்கு வந்ததும் அவர் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டார். கவரை வாங்கிக்கொண்டு நான் மட்டும் உள்ளே போனேன். ராஜகுமாரி என்னை அடையாளம் கண்டுகொண்டாள். முகம் இறுகியது. துணியை அவள் கையில் வைத்தேன். நின்றபடியே சொல்லி முடித்தேன். எங்கே வேண்டுமானாலும் வந்து எழுதிக் கொடுக்கிறேன் என்றும் சொன்னேன்.

அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. கேட்டுக்கு வெளியே நின்றவரைப் பார்த்தாள்.

"அஞ்சு வருசம் முன்னாடி இதே வாசல்ல வந்து நின்னு, 'ஆமா, துணியப் பாத்தேன், பாத்துட்டுத்தான் வண்டிய எடுத்தேன்'னு சொன்னீங்களே. பாக்காத துணிய ஏம்ப்பா பாத்தேன்னு சொன்னீங்க?"

வீரையா கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"தப்ப ஒத்துக்கிட்டா நீ எங்கூடப் பேசுவன்னு நெனச்சேன் தாயி," என்றார்.