அனுவின் பில் கவுண்டர்

தேவனாம்பட்டினத்தில் மீன் விற்கிறவள் நான். வாயில்லாதவளுக்கு இந்தத் தொழிலில் பிழைப்பில்லை. என் மகள் அனுப்பிரியாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. அதனால் அவளுக்கும் சேர்த்து நானே பேசிப் பழகிவிட்டேன்.

சிதம்பரத்தில் ஒரு துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். புதிதாக வந்த மேனேஜர், காது கேட்காதவள் கவுண்டரில் எதற்கு என்று அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டான். வக்கீல் கனிமொழி எங்களிடம் காசு வாங்காமலே கடைக்கு நோட்டீஸ் அனுப்பினார். மஞ்சக்குப்பத்தில், இலவச சட்ட உதவி மையத்தில் சமரசப் பேச்சு. சைகையில் சொல்வதை எடுத்துச் சொல்ல தில்லைநாதன் என்பவரையும் வக்கீலே கூட்டி வந்திருந்தார்.

மேனேஜர் எடுத்த எடுப்பிலேயே, "வேலைக்கு வரட்டும். ஆனா குடோன்ல துணி மடிக்கட்டும்" என்றான்.

"சரிங்க சார்" என்றேன். போன வேலை திரும்ப வருகிறதே என்ற நிம்மதி எனக்கு.

வக்கீலுக்கு முகம் மாறிவிட்டது. "இருங்கம்மா. மீனு விக்கிறப்ப மொதல்ல கேட்ட வெலைக்கே குடுத்துடுவீங்களா?"

"அது எப்படிங்க குடுப்பேன்?"

"இப்ப குடுத்துட்டீங்களே. வேலை போனது அனுவுக்கு. அவுங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. பெற்றவளுக்குத் தெரியாததா இவருக்குத் தெரிந்துவிட்டது என்று கோபமும் வந்தது. அடக்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.

தில்லைநாதன் நடந்ததைக் கைகளால் அனுவுக்குச் சொன்னார். அவள் என்னை ஒரு முறை முறைத்துவிட்டு, மேனேஜர் பக்கம் திரும்பிக் கைகளை அசைத்தாள். தில்லைநாதன் அதைச் சத்தமாகச் சொன்னார்: "நான் போட்ட பில்லுல ஒரே ஒரு தப்பு காட்டுங்க, குடோனுக்குப் போறேன். இல்லன்னா எனக்கு என் கவுண்டர்தான் வேணும்."

அவனால் ஒன்றும் காட்ட முடியவில்லை. வெளியே போய் முதலாளியிடம் போனில் பேசிவிட்டு வந்து, கவுண்டர் வேலைக்கே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டான். என் வீட்டுக்குள் இப்படி ஒருத்தி இருந்தது எனக்கே தெரியாமல் போயிருக்கிறது. பூரித்துப்போனேன்.

அடுத்த வாரம் சிதம்பரத்துக்கு பஸ் ஏறினேன். அனு கவுண்டரில் இருந்தாள், என்னைப் பார்த்துச் சிரித்தாள். 'எழுதிக் காட்டவும்' என்று முன்னால் ஓர் அட்டை, பக்கத்தில் பேனா. புடவையோடு நின்ற ஒரு பெண் தயங்கி என் பக்கம் திரும்பினாள்.

"உங்க பொண்ணா? கலர் மாத்திக் குடுப்பாங்களான்னு கேட்டுச் சொல்லுங்களேன்."

பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"எம்பொண்ணுதான்" என்றேன். "அவுங்ககிட்டயே கேளுங்க."